குரல்வளைக் குழுவின் புது விலாசம்

"உங்கள் புரிதலுக்கு நன்றி" என்று அந்த மெயில் முடிந்திருந்தது.

"யாரு புரிஞ்சுக்கிட்டாங்களாம்?" என்று கேட்டேன் நான்.

அண்ணி பேனாவின் பின்பக்கத்தால் கணினித் திரையை இன்னொரு முறை தட்டினாள். மறுபடி படி என்று அர்த்தம். நான் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சத்தமாகப் படித்தேன். மின்னஞ்சல் குழுக்களை நடத்தித் தரும் வேலையை அந்தக் கம்பெனி இந்த மாதக் கடைசியோடு நிறுத்திக்கொள்கிறதாம். குழு வைத்திருப்பவர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாமாம். பழைய கடிதங்கள் எல்லாம் அதற்குப் பிறகு அழிக்கப்படுமாம்.

"வீட்டைக் காலி பண்ணச் சொல்றவன்கூட மூஞ்சியைப் பாத்துச் சொல்வான்" என்றேன்.

அண்ணி கட்டைவிரலைக் கழுத்தின் அடியில் வைத்து அழுத்தினாள். பேசப் போகிறாள்.

"காலி பண்ணித்தான் ஆகணும். புலம்பாதே."

அண்ணிக்குத் தொண்டையில் கட்டி வந்து குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். அண்ணன் உயிரோடு இருந்தபோது நடந்தது. அன்றிலிருந்து அவளுக்கு மூச்சு மூக்கு வழியாக இல்லை, கழுத்தில் இருக்கும் ஒரு துளை வழியாக. உள்ளே ஒரு சின்ன வால்வு. துளையை விரலால் மூடினால் காற்று அந்த வால்வுக்குள் புகுந்து தொண்டைக்கு ஏறி, சரளைக்கல் மேல் சைக்கிள் போகிற மாதிரி ஒரு குரல் வரும். ஒரு மூச்சுக்குச் சில வார்த்தைகள்தான். அதனால் அண்ணி வார்த்தையை வீணாக்க மாட்டாள். அவள் பங்கையும் சேர்த்து வீட்டில் நான் பேசிவிடுகிறேன். எனக்கு அவள் வைத்திருக்கும் பெயர் மைக்செட்.

அவளைப் போலக் குரல்வளை எடுத்தவர்களும் அவர்களுடைய கணவன் மனைவிமார்களும் சேர்ந்ததுதான் அந்தக் குழு. ஒருவர் ஒரு கடிதம் எழுதினால் அது எல்லாருடைய பெட்டிக்கும் போகும். யாராவது அதற்குப் பதில் எழுதினால் அதுவும் எல்லாருக்கும் போகும். அவ்வளவுதான் விஷயம். குளிக்கும்போது துளைக்குள் தண்ணீர் போகாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது, சூடான டீயை ஊத முடியாதவன் எப்படி ஆற்றுவது, தெருவில் போகிற ஆட்டோவை எப்படிக் கூப்பிடுவது, இதெல்லாம் அங்கே பேசுவார்கள். போன் அவர்களுக்கு விரோதி. அண்ணி ஒருமுறை கேஸ் ஏஜென்சிக்குப் போன் செய்தபோது எதிர்ப்பக்கம் "டேய், விளையாடாதீங்கடா" என்று வைத்துவிட்டார்கள். மெயிலில் அந்தக் கஷ்டம் இல்லை. மெயிலில் எல்லாருக்கும் ஒரே தொண்டை.

அந்தக் குழுவை நடத்துவது அண்ணி. அச்சகத்தில் பிழை திருத்துபவளாக இருந்து ஓய்வு பெற்றவள். கமா இடம் மாறியிருந்தால்கூட அவளுக்குத் தூக்கம் வராது.

"யாராவது ஒருத்தர் விடுபட்டுப் போனா?" என்றாள் அன்று மாலை, துணி மடித்துக்கொண்டே.

"விடுபட்டா மறுபடி சேத்துக்கலாம்."

"விடுபட்டவங்க சத்தம் போட மாட்டாங்கடி" என்றாள் அண்ணி. "அவங்களால முடியாது."

நான் துண்டை மடித்து அலமாரியில் வைத்தேன்.

அடுத்த நாளிலிருந்து இடம் பார்க்க ஆரம்பித்தோம். முதலில் பார்த்தது ஒரு பெரிய இலவசக் கம்பெனி. எல்லாம் சும்மா, எவ்வளவு பேர் வேண்டுமானாலும் சேரலாம் என்று போட்டிருந்தான். அண்ணி சோதித்துப் பார்க்க ஒரு குட்டிக் குழு ஆரம்பித்து, என்னை அதில் சேர்த்து, ஒரு கடிதம் அனுப்பினாள். ஆபரேஷன் முடிந்த முதல் வாரத்தில் கழுத்துத் துளையை எப்படிச் சுத்தம் செய்வது என்று அவள் வழக்கமாகப் புது ஆட்களுக்கு அனுப்பும் கடிதம். என் போனில் அது வந்தது. கீழே ஒரு விளம்பரமும் வந்தது. நான் படித்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தேன்.

"என்ன?"

"அண்ணி, நீங்க திட்டக் கூடாது."

"சொல்லு."

"வீட்டிலிருந்தே இனிமையாகப் பாடக் கற்றுக்கொள்ளுங்கள். முதல் வகுப்பு இலவசம்."

அண்ணி சிரித்தாள். அவள் சிரிப்புக்குச் சத்தம் கிடையாது, தோள் மட்டும் குலுங்கும், கழுத்துத் துளையை மூடியிருக்கும் துணி படபடவென்று அடிக்கும். சிரித்து முடித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு பட்டியல் எழுதியிருந்த காகிதத்தில் அந்தக் கம்பெனியின் பெயரை அடித்தாள். ஒரு கோடு போதாதென்று இரண்டாவது கோடும் போட்டாள்.

இரண்டாவது கம்பெனி பார்க்க லட்சணமாக இருந்தது. விளம்பரம் இல்லை. பழைய கடிதங்களையும் எடுத்து வைத்துக்கொள்வார்களாம். ஒரே ஒரு நிபந்தனை. ஒவ்வொருவருக்கும் ஒரு மெயில் போகும், அதில் இருக்கும் இணைப்பை அழுத்தி, ஆமாம், நான் இந்தக் குழுவில் சேர்கிறேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அழுத்தினவர் உள்ளே, அழுத்தாதவர் வெளியே.

"இதென்ன பெரிய விஷயம்?" என்றேன். "ஒரு தடவை அமுக்கப் போறாங்க."

அண்ணி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அப்போதுதான் எனக்கும் உறைத்தது.

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு திருடன் குழுவில் புகுந்து, இந்த எண்ணெயைத் தடவினால் குரல் திரும்பி வரும், இங்கே அழுத்துங்கள் என்று எல்லாருக்கும் அனுப்பினான். குரல் திரும்பி வரும் என்றால் யார்தான் அழுத்த மாட்டார்கள்? நிறையப் பேர் அழுத்தி ஏமாந்தார்கள். அன்றைக்கு வந்த கோபத்தில் அண்ணி ஒரு சட்டம் போட்டாள். மெயிலில் வரும் எந்த இணைப்பையும் தொடாதே. டாக்டர் அனுப்பினாலும் தொடாதே. நானே அனுப்பினாலும் தொடாதே. மாதா மாதம் முதல் தேதி இதை எல்லாருக்கும் நினைவூட்டுவாள்.

"ஒருத்தர்கிட்ட மட்டும் சோதிச்சுப் பாக்கலாமே" என்றேன். "பல் டாக்டர்கிட்ட."

குழுவில் பல் டாக்டர் ஒருவர் இருக்கிறார். இன்னமும் பல் பிடுங்குகிறார். வாயைத் திற என்று சொல்ல முடியாததால் தானே வாயைத் திறந்து காட்டுகிறார், நோயாளிகளும் திறக்கிறார்கள். படித்தவர், விவரமானவர், பயப்பட மாட்டார் என்று நினைத்து அவருக்கு மட்டும் அந்த ஒப்புதல் மெயில் போகும்படி செய்தோம்.

டீ குடித்து முடிப்பதற்குள் அவரிடமிருந்து பதில் வந்தது. அண்ணிக்கு மட்டும் இல்லை, பழைய குழுவில் இருந்த அத்தனை பேருக்கும்.

நான் உரக்கப் படித்தேன். "அவசரம். அம்மா பெயரில் யாரோ மோசடி செய்கிறார்கள். வேறு குழுவில் சேரச் சொல்லி மெயில் வரும். யாரும் தொட வேண்டாம். நான் தொடவில்லை. அம்மா, உங்கள் கணக்கை யாரோ திருடிவிட்டார்கள் என்று நினைக்கிறேன், உடனே கடவுச்சொல்லை மாற்றுங்கள்."

பின்னாலேயே வரிசையாக வந்துவிட்டன. நன்றி டாக்டர். நல்ல வேளை சொன்னீர்கள் டாக்டர். எனக்கு அப்போதே சந்தேகம் டாக்டர்.

"அவருக்கு மட்டும்தானே அனுப்பினோம், இவனுக்கு எப்போ சந்தேகம் வந்துச்சு?" என்றேன்.

அண்ணி நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். ஆனாலும் முகத்தில் கொஞ்சம் பெருமை இருந்ததை நான் பார்த்தேன்.

"நல்லாத்தான் வளத்திருக்கீங்க" என்றேன்.

"வாயை மூடு" என்றாள். இரண்டாவது கம்பெனியையும் அடித்தாள்.

மூன்றாவது ஒரு சின்னக் கம்பெனி. கணவனும் மனைவியும் சேர்ந்து நடத்துவது. அவர்களுடைய விதிமுறைப் பக்கத்தை அண்ணி அச்சகத்து வழக்கப்படி முதலிலிருந்து கடைசி வரை படித்து, எழுத்துப் பிழைகளைக் குறித்து, திருத்தங்களை அவர்களுக்கே அனுப்பிவைத்தாள்.

"இடம் கேக்கப் போற எடத்துல சுவத்துல விரிசல் இருக்குன்னு சொல்லுவாங்களா?" என்றேன்.

"சொல்றதைக் கேக்கறாங்களான்னு பாக்கணும்."

கேட்டார்கள். அன்றைக்கே நன்றி சொல்லிப் பதில் போட்டார்கள். கீழே ஒரு போன் நம்பரும் இருந்தது. நான் அழைத்தேன், போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜை மேல் வைத்துக்கொண்டு.

"சொல்லுங்க" என்றது ஒரு பெண் குரல்.

"நீங்க ஆளா, மெஷினா?"

"ஆளுதாங்க. இப்போதான் பாத்திரம் கழுவிட்டு வந்து உக்காந்தேன்."

எனக்கு அவளை அந்த இடத்திலேயே பிடித்துவிட்டது. விஷயத்தைச் சொன்னேன். எங்கள் ஆட்கள் எதையும் அழுத்த மாட்டார்கள், அழுத்தக் கூடாது என்று நாங்களே பழக்கி வைத்திருக்கிறோம் என்று சொன்னேன்.

"ரொம்ப நல்ல பழக்கம்" என்றாள் கம்பெனிக்காரி. "அவங்க ஏற்கெனவே உங்க குழுவுல இருக்காங்கன்னு பழைய கடிதங்களை வச்சே எங்களுக்குத் தெரிஞ்சுடும். நாங்களே சேத்துடறோம். அவங்க ஒண்ணும் பண்ண வேண்டாம். வேண்டாம்னு சொல்றவங்களை மட்டும் எடுத்துடலாம்."

அண்ணி கழுத்தில் விரலை வைத்தாள். "பழைய கடிதம் எல்லாம்?"

போனில் ஒரு வினாடி சத்தம் இல்லை. நான் வழக்கம்போல முந்திக்கொண்டு, "அது எங்க அண்ணி, அவங்க குரல் அப்படித்தான்" என்று சொல்ல வாயெடுத்தேன்.

"எல்லாம் வந்துடும்மா" என்றாள் அவள், சாதாரணமாக. "ஒண்ணுகூட விடாம. வெளியாளுங்க யாரும் பாக்க முடியாது. உங்க உறுப்பினருங்க மட்டும்தான்."

அண்ணி காகிதத்தில் அந்தக் கம்பெனியின் பெயரைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். கேட்க வேண்டியதை எல்லாம் எழுதிக்கொடுத்தாள், நான் கேட்டேன். படம் அனுப்பலாமா, எவ்வளவு பெரிய படம், புது ஆள் சேரும்போது யார் அனுமதி தருவது. எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் வந்தது. நடுவில் அவள் கணவன் எங்கேயோ எதையோ கீழே போட்டு உடைத்ததும், "அப்படியே இருங்க, வெறுங்காலோட வராதீங்க" என்று அவள் அதட்டியதும்கூடக் கேட்டது.

மாதம் முடிவதற்கு முன்பே புது இடத்துக்குப் போய்விட்டோம். அண்ணி முதல் கடிதம் எழுதினாள். புது இடத்துக்கு வந்துவிட்டோம், இது கிடைத்தவர்கள் பதில் எழுதுங்கள், இது மோசடி இல்லை, நீங்கள் எதையும் அழுத்தவும் வேண்டாம். பதில்கள் மழை மாதிரி வந்து கொட்டின. வந்தது. வந்தது அம்மா. எனக்கும் வந்தது. டாக்டர் மட்டும், "நீங்கள்தான் நீங்கள் என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டிருந்தார். "போன வருஷம் நீங்க எழுதின கவிதையில் இருந்த பிழைகளைச் சொல்லட்டுமா?" என்று அண்ணி எழுதினாள். "வேண்டாம், நம்புகிறேன்" என்று பதில் வந்தது.

அண்ணி ஒவ்வொரு பெயராகச் சரிபார்த்தாள். ஒருவர்கூட விடுபடவில்லை. அன்று அவள் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து கழுத்து வழியாக விட்ட பெருமூச்சு அடுத்த அறைவரை கேட்டது.

அடுத்த நாள் மதியம் அந்தக் கடிதம் வந்தது. எழுதியவர் குழுவில் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அதுவரை எதுவும் எழுதியதில்லை. அண்ணி படித்துவிட்டு எழுந்து நின்றுவிட்டாள். நான் அவள் இடத்தில் உட்கார்ந்து படித்தேன்.

"வணக்கம். நான் பூ மார்க்கெட்டில் ஏலம் விடுகிறவன். எனக்குக் குரல்வளையை எடுக்க வேண்டும் என்கிறார்கள். தொழில் போனால் போகட்டும். என் மனைவிக்குக் கண் தெரியாது. நான் எழுதிக் காட்டினால் அவளால் படிக்க முடியாது. சைகை செய்தால் பார்க்க முடியாது. நான் வீட்டில் இருக்கிறேனா இல்லையா என்பதே அவளுக்கு என் சத்தத்தை வைத்துத்தான் தெரியும். வால்வு வைத்துப் பார்க்கலாம், எல்லாருக்கும் அமையும் என்று சொல்ல முடியாது என்கிறார் டாக்டர். நாளை மறுநாள் காலை சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும். போடாமல் திரும்பி வந்துவிடலாமா என்று இருக்கிறது. சத்தம் இல்லாமல் அவள் பக்கத்தில் எப்படி இருப்பது? உங்களில் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். பதில் வரவில்லை என்றால் அதையே பதிலாக எடுத்துக்கொள்கிறேன்."

நான் கண்ணாடியைக் கழற்றினேன்.

"எழுந்திரு" என்றாள் அண்ணி. உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள். அவள் அவ்வளவு வேகமாகத் தட்டி நான் பார்த்ததில்லை. எழுதி அனுப்பிவிட்டு, நாற்காலியைத் திரைக்கு நேராகப் போட்டுக்கொண்டு காத்திருந்தாள்.

ஒன்றும் வரவில்லை.

பழைய இடத்தில் ஒரு புது ஆள் கேள்வி கேட்டால் அடுப்பில் வைத்த பால் பொங்குவதற்குள் யாராவது பதில் எழுதிவிடுவார்கள். இப்போது மாலை ஆகியும் குழுவில் ஓர் அசைவு இல்லை. அண்ணி எழுதினதுகூட அவள் பெட்டிக்குத் திரும்பி வரவில்லை. பழைய இடத்தில் வரும்.

"எல்லாரும் வெளியே போயிருப்பாங்க" என்றேன்.

"எல்லாருமா?"

"சரி, அவருக்கு நேரா ஒரு மெயில் போடுங்களேன்."

"போட்டேன். அவரும் பேசலை." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி விரலை வைத்தாள். "நான் ஒருத்தி சொன்னா போதாதுடி. குழு நடத்தறவ நல்லதாத்தான் சொல்வான்னு நினைப்பார். இன்னொருத்தர் சொல்லணும். நாலு பேர் சொல்லணும்."

"இவ்வளவு நாள் ஒழுங்காத்தானே இருந்தது."

"பழைய இடத்துல இருந்தது. எடம் மாத்தினது நான். நான் தேர்ந்தெடுத்த கம்பெனி." விரலை எடுத்துவிட்டாள். உதடு மட்டும் அசைந்தது. முழுங்கிடுச்சு என்று சொன்னது எனக்குப் புரிந்தது.

அன்று அவள் சரியாகச் சாப்பிடவில்லை. காலையில் எழுந்ததும் பல்கூடத் துலக்காமல் கணினியைத் திறந்தாள். குழு அப்படியேதான் இருந்தது, காலி வீடு மாதிரி. அந்த மனிதர் அடுத்த நாள் காலை கையெழுத்துப் போட வேண்டும். அவர் கேள்வி அங்கே தனியாக நின்றுகொண்டிருந்தது.

கம்பெனி போனை எடுக்கும் நேரம் வந்ததும் நான் அழைத்தேன். கோபத்தில் வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"ஏம்மா, எங்க ஆளுங்க எழுதறதை எல்லாம் என்ன பண்றீங்க? தின்னுடறீங்களா?"

"யாருங்க... ஓ, நீங்களா. என்ன ஆச்சுங்க?"

சொன்னேன். கொஞ்சம் அதிகமாகவே சொன்னேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு, விசைப்பலகையில் ஏதோ தட்டினாள்.

"ஒண்ணும் தொலையலைங்க. கடிதம் எல்லாருக்கும் போய்ச் சேந்திருக்கு, நல்லாத் தெரியுது. பதில்தான்... உங்க குழுவுல பதில் எழுதினா யாருக்குப் போகணும்?"

"யாருக்குன்னா? எல்லாருக்கும்தான். வேற யாருக்குப் போகும்?"

"எங்ககிட்ட, கடிதம் எழுதினவருக்கு மட்டும் பதில் போற மாதிரி இருக்குங்க. பொதுவா எல்லாக் குழுவுக்கும் நாங்க அப்படித்தான் வச்சுத் தருவோம். யாரோ யாருக்கோ எழுதினது ஊருக்கெல்லாம் போயிடக் கூடாதுன்னு."

"அதை ஏன் நீங்க சொல்லலை?"

"நீங்க கேக்கலியேங்க."

"அப்படி ஒண்ணு இருக்குன்னே தெரியாதவங்க எப்படிக் கேப்போம்?"

அண்ணி அதற்குள் கணினியில் தான் அனுப்பிய பதிலைத் திறந்திருந்தாள். மேலே, பெறுநர் கட்டத்தில், குழுவின் விலாசம் இல்லை. ஏலக்காரரின் விலாசம்தான் இருந்தது. புள்ளி ஒன்று தவறினால் கண்டுபிடிக்கிறவள், இத்தனை வருடத்தில் அந்தக் கட்டத்தை ஒருநாளும் பார்த்ததில்லை. பார்க்க அவசியம் வந்ததில்லை. முதல் நாள் வந்தது வந்தது என்று கொட்டிய பதில்களும் அவளுக்கு மட்டும்தான் வந்திருக்கின்றன. குழுவுக்கு வந்ததாக நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

"அப்போ எங்க ஆளுங்க எழுதின பதிலெல்லாம் அந்த மனுஷனுக்குப் போயிருக்குமா?" என்று கேட்டேன்.

"எழுதியிருந்தா போயிருக்கும்."

"எழுதினாங்களான்னு பாத்துச் சொல்ல முடியாதா?"

"அது எங்க வழியா போறதில்லைங்க. நேரா அவர் பெட்டிக்குப் போயிடும். எனக்குத் தெரிய வழியே இல்லை." அவள் குரலிலும் கவலை ஏறியிருந்தது. "இப்போ மாத்திடவா? ஒரு நிமிஷ வேலை."

நான் அண்ணியைப் பார்த்தேன். அவள் கையைத் தூக்கி, இரு என்றாள்.

பல் டாக்டருக்கு ஒரே வரி எழுதினாள். ஏலக்காரருக்கு எழுதினீர்களா?

உடனே வந்தது அவர் பதில். நான் படித்தேன்.

"எழுதினேன் அம்மா. எழுதிவிட்டுக் குழுவைப் பார்த்தால் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. எனக்கு மகா கோபம். என்ன ஜென்மங்கள் இவர்கள், ஒரு மனிதன் உயிர் போகிற கேள்வி கேட்கிறான் என்று நினைத்து, மறுபடி உட்கார்ந்து இன்னும் விரிவாக எழுதினேன். என் மனைவியும் தனியாக எழுதினாள்."

அண்ணி நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி" என்றேன். "எல்லாருமே அப்படி நினைச்சிருந்தா?"

வழக்கமாக ஒருவர் எழுதிவிட்டால் மற்றவர்கள், அதான் அவர் சொல்லிட்டாரே என்று விட்டுவிடுவார்கள். இந்த முறை எல்லார் கண்ணிலும் பட்டது பதில் இல்லாத ஒரு கேள்வி மட்டும்தான்.

"ஹலோ? இருக்கீங்களா?" என்றது போன்.

"இரும்மா, இருக்கோம்" என்றேன். அப்படியே மூன்று பேரும், இரண்டு பேர் இந்தப் பக்கமும் ஒருத்தி அந்தப் பக்கமும், ஒன்றும் பேசாமல் இருந்தோம். பேசாமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியாது.

"எனக்கு வேற போன் வருதுங்க" என்றாள் கம்பெனிக்காரி கடைசியில். "ஏதாவது தெரிஞ்சா சொல்லுங்க. கட்டாயம் சொல்லுங்க."

மதியச் சாப்பாட்டுத் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தபோது உள்ளே மேஜையைத் தட்டும் சத்தம் கேட்டது. இரண்டு கையாலும் தட்டுகிறாள் அண்ணி. ஈரக்கையோடு ஓடினேன். ஏலக்காரர் குழுவுக்கு எழுதியிருந்தார். அண்ணி படிக்கவில்லை. திரையைக் கையால் மறைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"நீ படி."

"நானா?"

"சத்தமா."

கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு படித்தேன்.

"எல்லாருக்கும் வணக்கம். பதில் போடத் தாமதமாகிவிட்டது, மன்னிக்கவும். நேற்றிலிருந்து வந்துகொண்டே இருக்கிறது. என் மனைவி, ஒவ்வொன்றையும் வாசித்துக் காட்டினால்தான் ஆச்சு என்று உட்கார்ந்துவிட்டாள். நேற்று வாசித்தேன், இன்று காலை எழுந்ததிலிருந்து வாசித்தேன். ஏலத்தில்கூட இவ்வளவு கத்தினதில்லை. இப்போது என் குரல் கிட்டத்தட்டப் போய்விட்டது. டாக்டருக்கு வேலை மிச்சம்.

"குளிக்கும்போது கழுத்தில் கவசம் கட்டச் சொல்லி எத்தனை பேர் எழுதியிருக்கிறீர்கள் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். புரிந்தது. கட்டுகிறேன். போனில் தட்டினால் அதுவே வாசித்துக் காட்டும் என்று எழுதினவருக்கு நன்றி, என் மனைவி அந்தக் குரலை இப்போதே கேட்க வேண்டும் என்றாள், கேட்டாள், பெண் குரலாக வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள். தோளைத் தொட்டுப் பேசிக்கொள்வதைப் பற்றி எழுதிய தம்பதிக்கும், செருப்பை மாற்றாமல் எப்போதும் ஒரே செருப்பைப் போட்டு நடங்கள், உங்கள் நடையே உங்களுக்குப் பேச்சு என்று எழுதிய அம்மாவுக்கும் தனியாகப் பதில் போடுகிறேன். வேறு சிலர் எழுதியது எனக்கும் அவளுக்கும் மட்டும். அதை இங்கே சொல்ல மாட்டேன்.

"எல்லாம் கேட்டு முடித்துவிட்டு அவள் சொன்னது இது. அவள் சொன்னபடியே எழுதுகிறேன். ‘கையெழுத்தைப் போட்டுட்டு வாங்க. குரல்வளையே இல்லாம இவங்க இவ்வளவு வளவளன்னு பேசறாங்க. நீங்க மட்டும் என்ன, சும்மாவா இருக்கப் போறீங்க?’

"நாளைக்குப் போடுவானேன் என்று இன்றைக்கே போய்ப் போட்டுவிட்டு வந்துவிட்டோம்."

படித்து முடித்தபோது என் குரலும் ஒழுங்காக இல்லை. அண்ணி திரும்பி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பின்னாலிருந்து தெரியாது. அவளுக்கு இரண்டுக்கும் சத்தம் இல்லை. முன்னால் போய்ப் பார்த்தேன். இரண்டும்தான்.

"பசிக்குது" என்றாள்.

சாப்பாட்டைச் சுடவைத்து எடுத்து வந்தேன். நேற்றுக்கும் சேர்த்துச் சாப்பிட்டாள். நான் எதிரில் உட்கார்ந்து கம்பெனிக்காரியை அழைத்து, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அவள் "அப்பாடா" என்றாள், பிறகு பின்னால் திரும்பி, "ஏங்க, போட்டுட்டாராம், கையெழுத்துப் போட்டுட்டாராம்" என்று கணவனுக்குச் சொல்வது கேட்டது. அவர் ஏதோ சொன்னார்.

"என்ன சொல்றார்?" என்றேன்.

"முதல்ல அதை மாத்திக் குடு, அவங்க மறுபடி திட்டறதுக்குள்ளேன்னு சொல்றார். மாத்திடவாங்க? எல்லாருக்கும் போற மாதிரி?"

நான் அண்ணியைப் பார்த்தேன். அவள் கையில் இருந்த கவளத்தைத் தட்டில் வைத்துவிட்டு, இடது கையால் கழுத்தைத் தொட்டாள்.

"மாத்தணும். ஆனா இப்போ வேண்டாம்."

"ஏன் அண்ணி?"

"அவருக்கு இன்னும் எழுதாதவங்க இருப்பாங்க" என்றாள். மூச்சு எடுத்துக்கொண்டாள். "மாத்தினா, அதான் வேறொருத்தர் சொல்லிட்டாரேன்னு விட்டுடுவாங்க. அவர் ஆபரேஷன் முடிஞ்சு வரட்டும். அதுவரைக்கும் இப்படியே விடச் சொல்லு."

சொன்னேன்.

"எவ்வளவு நாள் வேணும்னாலும் இருக்கட்டுங்க" என்றாள் கம்பெனிக்காரி.

அண்ணி மறுபடி சாப்பிட ஆரம்பித்தாள்.